மேடம் சொன்ன ஓம்

பாராளுமன்றம் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டாலே நான் இப்போதும் எழும்பிப் போய் வானொலியை நிறுத்திவிடுவேன். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற மனிதனுக்கு இது தேவையில்லாத வருத்தம் என்பது மனைவியின் கருத்து. "உங்களை இனி ஆர் கூப்பிடப்போகினம்? பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் போன மாதம் நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோரைக் கூப்பிட்டே விட்டார்கள்.

இப்போது என் கதிரையில் இருக்கும் தம்பி தொலைபேசியில் எடுத்தார். "சேர், கணக்குக் குழுவுக்கு வரச் சொல்லிப்போட்டினம். செலவு, சொத்து, கொம்பியூட்டர் பாதுகாப்பு எல்லாம் கேப்பினமாம். அங்கை என்னெண்டு கதைக்கிறது?" என்றார். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், மைக்கின் சிவப்பு வெளிச்சம் அணைந்த பிறகும் வாயைக் கவனமாக வைத்திருங்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். முக்கியமான ஒன்று பாக்கி இருந்தது. அது தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியதல்ல. அதனால்தான் எழுதுகிறேன். திணைக்களத்தின் பெயரை விட்டிருக்கிறேன், ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் பணிப்பாளரைக் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

இந்தக் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திணைக்களங்கள் காசை எப்படிச் செலவழித்தன, வாங்கிய பொருட்கள் எங்கே, கணினிகளுக்குள் யார் யார் போய் வருகிறார்கள் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கூடியிருந்து விசாரிப்பார்கள். முதலில் கணக்காய்வாளர்கள் வந்து குறைகளை எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு அந்தக் குறைகளுக்குத் திணைக்களத் தலைவரான பணிப்பாளர் குழுவின் முன்னால் இருந்து பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் பைல்களை அணைத்துக்கொண்டு ஓர் ஆள் இருப்பார். எங்கள் திணைக்களத்தில் அந்த ஆள் நான்.

நான் எழுத்து வேலைக்கு இலிகிதராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் தரவில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டுச் சுற்றறிக்கை. மற்றதெல்லாம் ஏச்சு வாங்கிப் படித்தது.

முதலில் என் தலையில் கட்டியது பொருட் கணக்கெடுப்பு. ஆண்டு முடிவில் கந்தோரிலுள்ள ஒவ்வொரு கதிரையையும் அலுமாரியையும் கண்ணால் பார்த்து அடையாளம் போட வேண்டும். எங்கள் பட்டியலில் ஓர் இரும்புப் பெட்டகம் இருந்தது. அது இருந்த பழைய கட்டடம் யுத்த காலத்தில் இராணுவ வேலிக்குள் போய்விட்டது. நான் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நேரே "இருப்பதாக நம்பப்படுகிறது" என்று எழுதினேன். ஒரு கணக்காய்வாளர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "நம்புறதுக்குக் கோயில் இருக்கு தம்பி. இதுக்குக் கண்ணாலை பாக்க வேணும்" என்றார்.

அந்தப் பெட்டகம் பாராளுமன்றக் குழு வரைக்கும் போனது. அப்போதிருந்த பணிப்பாளருக்குப் பின்னால் நான் இருந்தேன். பெட்டகம் எங்கே என்று கேட்டார்கள். வேலிக்குள் என்றோம். அப்படியானால் பூட்டைத் திறக்கும் திறப்பு யாரிடம் என்று ஓர் உறுப்பினர் சும்மா கேட்டுவைத்தார். திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. இடம்பெயர்ந்து ஊர் ஊராகத் திரிந்த காலத்திலும் பொறுப்பு என்று அதை விடாமல் வைத்திருந்தேன். எழுந்து எடுத்துக் காட்டினேன். குழு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வியில் பணிப்பாளரை உரித்து எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் யாராவது சிரித்தால் எனக்கு முதுகு வேர்க்கும்.

அவருக்குப் பிறகு பணிப்பாளராக வந்தவர் திருமதி பேரின்பநாயகம். நல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நாங்கள் மேடம் என்போம். பிழை கண்டால் கத்தமாட்டார். பைலை எங்கள் பக்கம் திருப்பி, பிழையான வரியில் விரலை வைத்து, நாங்களே காணும்வரை பேசாமல் இருப்பார். அதைவிட ஏச்சு வாங்குவது எவ்வளவோ மேல்.

மேடத்துக்கு ஒரு பழக்கம். யார் வந்து எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, "ஓம்… ஓம்… ஓம்…" என்று கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வந்தவர் மேடம் சம்மதித்துவிட்டார் என்று சந்தோஷமாக வெளியே போவார். பின்னாலேயே பைல் வரும். அதில் "இயலாது" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும்.

ஆகவே கந்தோரில் நாங்கள் மேடத்தின் ஓமை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒன்று காது சொல்லும் ஓம், மற்றது வாய் சொல்லும் ஓம். யாராவது வந்து "மேடம் ஓமெண்டவ" என்றால், "காதோ, வாயோ?" என்பதுதான் எங்கள் அடுத்த கேள்வி. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சாப்பாட்டுக் கடையைக் காட்டிய கையோடு இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

படகுகளுக்கு அனுமதி கொடுக்கும் வேலையும் எங்களிடம் இருந்தது. அதைக் கணினிக்கு மாற்றியபோது, அனுமதியை உறுதிப்படுத்தும் அதிகாரத்தை உதவிப் பணிப்பாளர் சிவபாலன் ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள். சிவபாலன் தங்கமான மனிதர். கணினி என்றால் பயம். மவுஸை உயிரோடு இருக்கும் எலியைப் பிடிப்பது போலப் பிடிப்பார். அதனால் அவருடைய கணினியில் பக்கத்து மேசை அன்ரன்தான் தட்டுவார். சிவபாலன் பின்னால் நின்று தன் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக உரத்துச் சொல்லுவார். தேநீர் கொண்டு வருபவருக்கும் அது பாடம்.

அன்ரன் குருநகர் ஆள், முகாமைத்துவ உதவியாளர். சகோதரர்கள் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர்தான் படித்துக் கந்தோருக்கு வந்தவர். படிக்கிற வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு பைலைத் தேடச் சொன்னால் நாங்கள் வாய் மூடுவதற்குள் கொண்டுவந்து வைப்பார்.

ஒரு காலை சிவபாலன் வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்து கந்தோரைத் திறந்தால் விறாந்தை முழுக்கக் குருநகர்ச் சனம். வருட அனுமதிகள் முடிகிற காலம் அது. அனுமதி இல்லாத படகைக் கடலில் மறிப்பார்கள். சிவபாலனின் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றுவது கொழும்பில் செய்ய வேண்டிய வேலை. மேடம் எழுதினார், தொலைபேசியில் கெஞ்சினார், ஒருமுறை கோபமாகவும் கதைத்தார். "சிஸ்டம் அப்டேற் நடக்குது மேடம்" என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. படகுகள் கரையில் கட்டியபடி கிடந்தன. விறாந்தையில் இருந்த ஒரு மனுசி என்னைப் பார்த்து, "செத்தவர் உங்கடை ஆள். பட்டினி மட்டும் எங்கடையோ?" என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் அனுமதிகள் வரத் தொடங்கின. கொழும்பு கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். விறாந்தை காலியானது. எங்களுக்கு நிம்மதி.

சில மாதங்கள் கழித்துக் கணினிகளைச் சோதிப்பதற்கென்றே கொழும்பிலிருந்து ஒரு கணக்காய்வு உத்தியோகத்தர் வந்தார். சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பார், சிரித்த முகம். திரையைப் பார்த்தபடியே என்னிடம், "சிவபாலன் சேர் எங்க? அவரோட கொஞ்சம் பேச வேணும்" என்றார்.

"அவர் மோசம் போட்டார், மிஸ்" என்றேன்.

"எங்க போனார்?"

"செத்துப்போனார், மிஸ்."

எப்போது என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு மெல்ல வடிந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். "அப்ப இதெல்லாம் யார் செய்தது?" என்றார். திரையில் வரிசையாகப் படகுகள். ஒவ்வொன்றுக்கும் நேரே சிவபாலனின் பெயர். எல்லாம் அவரை எரித்த பிறகு கொடுத்த அனுமதிகள்.

நான் திகதிகளைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் மறு கரையில் அன்ரன் எழும்பினார். "நான்தான் செய்தனான். மேடத்தைக் கேட்டுத்தான் செய்தனான். மேடம் ஓமெண்டவ" என்றார்.

"காதோ, வாயோ?" என்று யாரோ பழக்கதோஷத்தில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பகிடி இப்போது இரண்டு மனிதர்களின் கழுத்தில் ஏறி இருந்தது. மேடம் சொன்னது வாய் ஓம் என்றால், சட்டத்துக்கு மாறான காரியத்தைச் செய்வித்தவர் மேடம். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன, ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்கள். காது ஓம் என்றால், இறந்தவரின் கணக்குக்குள் தன் எண்ணப்படி நுழைந்தவர் அன்ரன். வேலை போகும், பொலிசுக்கும் போகலாம். போதாக்குறைக்கு அந்தப் படகுகளில் ஒன்று அன்ரனின் தமையனுடையது. மற்றப் படகுகளோடு வரிசையில் வந்ததுதான். அதைக் கொழும்பில் யார் நம்பப் போகிறார்கள்?

எனக்கு அது காது ஓம் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. சுற்றறிக்கையில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கேள்வி கேட்கிற மனுசி, செத்தவரின் கணக்கைத் திற என்று சொல்லியிருப்பாரா? அன்ரன் பாவம், அவசரத்தில் கேட்டதை விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். குழுவுக்கான அழைப்பு வந்தது. மேடத்தின் அறைக்குப் போய், "அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதிறது மேடம்?" என்று கேட்டேன். "உள்ளக விசாரணை நடைபெறுகிறது எண்டு எழுதுங்கோ. மிச்சத்தை அங்கை கேட்டா அங்கை சொல்லுவம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. வெளியே வந்தால் அன்ரன் வழியில் நின்றார், போட்டிருந்த சேட்டு அவருக்குப் பெரிதாகியிருந்தது. "அண்ணை, மேடம் அங்கை போய் மாறிச் சொல்லுவாவோ?" என்றார். "சொல்ல மாட்டா" என்றுவிட்டு வந்தேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நாளும் வந்தது. கேள்விக்கொரு நிறத்தில் தாள் ஒட்டி, சிங்களத்திலும் தமிழிலும் பதில்களை அடுக்கி, பைல்களைக் கட்டிக்கொண்டு போனோம். வாசலில் தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் அக்காவின் மகனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தேன், அது வயிற்றில் பூட்ட மறுத்தது. உள்ளே வளைவான பெரிய மேசை. நடுவில் குழுத் தலைவரான தவிசாளர், இரு பக்கமும் உறுப்பினர்கள், ஓர் ஓரத்தில் கணக்காய்வாளர்கள். எதிரே முன்வரிசையில் எங்கள் அமைச்சின் செயலாளரும் மேடமும், மேடத்துக்குப் பின்னால் நான். தவிசாளர் சிங்களத்தில் கேட்பதைக் கண்ணாடி அறைக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் உடனுக்குடன் ஹெட்போனில் தமிழில் தருவார். நாங்கள் தமிழில் சொல்வது அவர்களுக்குச் சிங்களத்தில் போகும். பதற்றத்தில் நான் குமிழை மாற்றித் திருப்பிவிட்டேன். என் காதில் விழுந்தது சிங்களப் பக்கம். பரீட்சைக்குப் படித்த சிங்களம் என்பதால் ஓரளவு விளங்கியது.

செலவும் சொத்தும் சுகமாகத்தான் போயின. மின்பிறப்பாக்கி ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள், மேடம் சொன்னார், பக்கத்தைத் திருப்பினார்கள். அடுத்தது கணினி. தவிசாளர் கணக்காய்வு அறிக்கையைக் கையில் எடுத்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இறந்துபோன ஓர் உத்தியோகத்தரின் கணக்கு மூடப்படாமல் இருந்திருக்கிறது" என்றார் தவிசாளர்.

"ஓம்…" என்றார் மேடம்.

"ஒவ்" என்றது என் ஹெட்போன். ஆம் என்பதற்குச் சிங்களம்.

"அந்தக் கணக்குக்குள் இன்னொருவர் நுழைந்திருக்கிறார்."

"ஓம்…"

"ஒவ்."

"அது குற்றம் என்பது பணிப்பாளருக்குத் தெரியும்."

"ஓம்…"

"ஒவ்."

"தெரிந்துகொண்டே அனுமதித்திருக்கிறீர்கள்."

"ஓம்…"

"ஒவ்" என்றார் மொழிபெயர்ப்பாளர், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

செயலாளர் திடுக்கிட்டு மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். தவிசாளர் பக்கத்திலிருந்த உத்தியோகத்தரிடம், ஒப்புக்கொண்டதாகக் குறிக்கச் சொன்னார். நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. ஹெட்போன் வயர் இழுபட்டு என் பைல்கள் சரிந்தன.

"பின்னால் நிற்பவருக்கு என்ன வேண்டும்?" என்று தவிசாளர் கேட்டார்.

"சேர், மேடம் இன்னும் பதில் சொல்லேல்லை" என்றேன். சரிந்த பைலொன்றைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னேன். "எங்கடை பக்கத்திலை கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்டதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறது. அது காது சொல்லுற ஓம். சம்மதம் எண்டா வாய் சொல்லும். அது வேறை ஓம்."

கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் இரண்டு ஓமுக்கும் இரண்டு சிங்களச் சொல் தேடினார். பிறகு எப்படியோ சொல்லி முடித்தார். தமிழ் உறுப்பினர் ஒருவர், "உண்மைதான், எங்கடை வீட்டிலையும் இந்தப் பிரச்சினை இருக்கு" என்றார். தவிசாளர் சிரித்துவிட்டார். "அப்படியானால் உங்கள் ஊரில் பொம்பிளை ஓம் என்று சொன்ன பிறகு கலியாணம் நடக்குமா, நடக்காதா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. எனக்கு வழக்கம்போல முதுகு வேர்த்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் மேடத்தைப் பார்த்தார். "சரி, குறித்ததை வெட்டச் சொல்கிறேன். இப்போது தெளிவாகக் கேட்கிறேன். அந்த உத்தியோகத்தர் உங்களிடம் வந்து கேட்டபோது நீங்கள் சொன்ன ஓம் எது?"

வழி திறந்துவிட்டது. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று ஒரு வசனம் சொன்னால் மேடம் தப்பிவிடுவார். செயலாளர்கூட, சொல்லுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

மேடம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இஞ்சை இவ்வளவு நேரமும் நான் சொன்ன ஓம் எல்லாம் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததுக்கு. அன்ரனுக்குச் சொன்னது அப்பிடியில்லை. செய்யச் சொல்லித்தான் ஓமெண்டனான். அவர் என்ரை சொல்லைக் கேட்டுச் செய்தவர். அவரிலை பிழையில்லை" என்றார்.

"ஒவ்" என்பதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

அதன் விளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மேடத்துக்கு ஒழுக்காற்று விசாரணை வைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வூதியத்தை நெடுநாள் இழுத்தடித்து, கடைசியில் குறைத்துத்தான் கொடுத்தார்கள். பணிப்பாளரின் கட்டளைப்படி செய்தவர் என்பதால் அன்ரன் ஓர் எச்சரிக்கையோடு தப்பினார்.

குழு முடிந்த மறுநாள் கந்தோர் வாகனத்தில் ஊருக்குத் திரும்பினோம். வழியெல்லாம் மேடம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொடிகாமம் சந்தையில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கி முருங்கைக்காய் பார்த்தார். நானும் இறங்கிப் பின்னால் போனேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மேடம், அது வாய் ஓம்தானோ?"

மேடம் ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தார். "எனக்கு ஞாபகமில்லை, தில்லைநாதன்" என்றார்.

நான் இன்னும் கிட்டப் போனேன்.

"அண்டைக்கு யன்னலடியிலை அவ்வளவு சனம். கையிலை கொழும்புப் போன். அன்ரன் வந்து நிண்டு ஏதோ சொன்னது தெரியும். நான் ஓமெண்டிருப்பன். எல்லாருக்கும் ஓமெண்டுறன்தானே."

"அப்ப ஞாபகமில்லை எண்டு சொல்லியிருக்கலாமே மேடம்! அதுதானே உண்மை. இப்பவும் ஒரு விளக்கம் எழுதி அனுப்பலாம். நான் எழுதிறன்."

"எழுதினா என்னை விட்டிடுவினம், அன்ரனைப் பிடிப்பினம்." மேடம் காய்களை ஒதுக்கி வைத்தார். "உங்கடை காதோ வாயோ பகிடி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? கந்தோர் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கேக்கை நானும் ரசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். சனம் பட்டினி எண்டு அந்தாள் கண் கலங்கி வந்து நிண்டு கேக்கேக்கை, என்ரை காது சொன்னதோ வாய் சொன்னதோ எண்டு அவர் என்னெண்டு அறியிறது? அறிஞ்சிருக்க வேண்டியது நான்."

பிறகு வியாபாரியிடம் விலை பேசினார். வாகனத்தில் ஏறும்போது மட்டும், "இதை அன்ரனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். அந்தத் தடையை அவர் எடுத்துவிட்டது போன மாதம்தான். நான் எழுதட்டோ என்று கேட்டபோது, "இனி எழுதுங்கோ, அன்ரனும் வாசிக்கட்டும்" என்றார்.

நாங்கள் ஊர் வந்த மறுநாள் காலை கந்தோருக்குப் போனபோது அன்ரன் சைக்கிள் கொட்டகையடியில் எனக்காகக் காத்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. "மேடம் ஒத்துக்கொண்டிட்டா. தான்தான் செய்யச் சொன்னதெண்டு குழுவுக்கு முன்னாலை சொல்லிப்போட்டா. உங்களிலை பிழையில்லை எண்டும் சொன்னவ" என்றேன்.

அன்ரன் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நான்தான் முதலே சொன்னனே அண்ணை, மேடம் ஓமெண்டவ எண்டு. நீங்கள்தான் ஒருத்தரும் நம்பேல்லை."

கொடிகாமத்தில் கேட்டதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து கந்தோருக்குள் போனேன்.